அருமபுரியும் தருமபுரியும்

வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம், தடம்புரண்டு நொறுங்கிக் கிடக்கும் ரயில் பெட்டிகளுக்கு நடுவே தொடங்குகிறது. குண்டுவெடிப்பு அப்போதுதான் நடந்து முடிந்திருக்கிறது. வேல்ராஜின் கேமரா வெட்டு இல்லாமல் நீண்ட நேரம் அந்த இடிபாடுகளுக்குள் அலைந்து, சிக்கிக்கொண்டவர்களையும் அழுபவர்களையும் பிணங்களையும் காட்டுகிறது. குண்டு வைத்தவர்கள் யார், எதற்காக வைத்தார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவருகிறது. ஆயுதம் எடுத்தவர்களின் நியாயத்தைச் சொல்ல வந்த படம், அந்த ஆயுதத்துக்குப் பலியானவர்களை முதலில் காட்டிவிடுகிறது. தமிழில் இந்தப் பொருளைத் தொட்ட படங்களில் இந்த நேர்மை அரிது.

கதை நடக்கும் ஆண்டு 1987. இடம் அருமபுரி என்ற கற்பனை மாவட்டம். பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டார் காதில் விழுவது தருமபுரிதான். மலையில் சுரங்கம் தோண்ட வரும் நிறுவனத்தை எதிர்த்து ‘மக்கள் படை’ என்ற இயக்கம் ஆயுதமேந்துகிறது. அதன் தலைவர் பெருமாள் வாத்தியார் (விஜய் சேதுபதி). அவரைப் பிடிக்க மலையேறும் காவல்படையில் ஜீப் ஓட்டுநராகச் சேரும் புதிய காவலர் குமரேசன் (சூரி). கரடி தாக்கிய பெண்ணைக் காவல்துறை ஜீப்பில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனதற்காக அவன் தண்டிக்கப்படுகிறான். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள். தவறு செய்யாதபோது எதற்குக் கேட்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருக்கிறான். ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதை படத்துக்குக் கரு. இளையராஜா இசை. முதல் பாகம் 2023 மார்ச் 31 அன்றும், பெருமாள் எப்படி ஆயுதத்துக்கு வந்தார் என்று சொல்லும் இரண்டாம் பாகம் 2024 டிசம்பர் 20 அன்றும் வெளியாயின.

படத்தின் ரயில் சம்பவம் பலருக்கும் நினைவூட்டுவது அரியலூரை. 1987 மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்தது. பயணிகள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாடு விடுதலைப் படைதான் அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் தலைவர் தமிழரசன், பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு நக்சல்பாரி அரசியலுக்கு வந்தவர். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கியைக் கொள்ளையிட வந்தபோது கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். எந்த மக்களுக்காகப் படிப்பை விட்டாரோ அந்த மக்கள் நிறைந்த ஊரில், அவர்கள் கண்ணெதிரே அப்படி ஒரு முடிவு. பெருமாள் வாத்தியாரின் சாயலைப் பலர் புலவர் கு. கலியபெருமாளிடம் கண்டார்கள். பெண்ணாடம் பகுதியைச் சேர்ந்த தமிழாசிரியர் அவர். 1970-இல் அவருடைய தோப்பில் வெடிகுண்டு செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

இத்தகைய இளைஞர்களை ‘அராஜகவாதிகள்’ என்று ஒரே சொல்லில் அடக்குவது செய்தித்தாள்களுக்குப் பழக்கம். சரியாகச் சொன்னால் அது பொருந்தாது. அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்பது அராஜகவாதம் எனப்படும் அரசின்மைக் கொள்கை. நக்சல்பாரி வழி வந்தவர்களோ அரசைக் கைப்பற்ற விரும்பியவர்கள். ஆனால் இருவரையும் ஒரே இடத்துக்கு இழுத்த எண்ணம் ஒன்று உண்டு: பேச்சும் துண்டறிக்கையும் எழுப்பாத மக்களை ஒரு செயல் எழுப்பிவிடும் என்பதே அது. 1893-இல் பாரிஸ் நாடாளுமன்றத்தில் குண்டு வீசிய ஒகுஸ்த் வயான் அப்படி நம்பினார். 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டசபையில் குண்டு வீசிய பகத்சிங் அவரை முன்னோடியாகக் கொண்டார். பகத்சிங் அதற்கு முன்பே அராஜகவாதத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். 1967-இல் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் வெடித்த உழவர் எழுச்சியும், 1969 ஏப்ரல் 22 அன்று உருவான இந்தியப் பொதுவுடைமைக் கட்சியும் (மார்க்சிய-லெனினிய) அந்த எண்ணத்துக்கு ‘அழித்தொழிப்பு’ என்று பெயர் கொடுத்தன. சிறு ரகசியக் குழு ஒன்று ஒரு நிலப்பிரபுவைக் கொன்றால் ஊரே பயம் தெளிந்து எழும் என்பது அந்தக் கட்சியின் தலைவர் சாரு மஜும்தாரின் கணக்கு.

தருமபுரியில் இந்த அரசியல் வேரூன்றியது துப்பாக்கியால் அல்ல. மழை பொய்த்தால் மானாவாரி நிலம் தரிசாகிவிடும் மாவட்டம் அது. கடன் வாங்காமல் ஆண்டைக் கடத்த முடியாத குடும்பங்கள் ஏராளம். கந்துவட்டிக்காரர் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிலத்தை எழுதி வாங்குவார். தேநீர்க் கடையில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குவளை. அதை அவர்களே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுபதுகளில் இங்கே இயக்கத்துக்கு வந்த இளைஞர்கள் கையில் எடுத்தது இந்த இரண்டையும்தான். இரட்டைக் குவளைக்கு எதிராகவும் கந்துவட்டிக்கு எதிராகவும் ஊர் ஊராகப் பேசினார்கள். சாதி கடந்து ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ‘தோழர்’ என்ற விளிப்பு சேரிக்கும் ஊருக்கும் பொதுவானது. வேளாண் நிலங்களுக்கு நடுவே நாலைந்து வீடுகள் சேர்ந்த குடியிருப்பை இப்பக்கம் ‘கொட்டாய்’ என்பார்கள். அப்படிப் பெயர் பெற்ற நாயக்கன்கொட்டாய் அந்த அரசியலின் மையமானது. அங்கே இன்று நிற்கும் சிலைகள் இரண்டு. ஒன்று கோவையைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர் அப்பு. மார்க்சிய-லெனினியக் கட்சியின் தமிழகச் செயலாளராக இருந்து 1970-இல் காணாமல் போனவர். காவல்துறையால் கொல்லப்பட்டார் என்பது தோழர்களின் நம்பிக்கை. மற்றொன்று அந்தப் பகுதி இளைஞர் பாலன்.

பாலன் இறந்த ஆண்டு, 1980, எல்லாவற்றையும் மாற்றியது. ஏப்ரலில் நக்சல்பாரி வழி வந்த மக்கள் யுத்தக் கட்சி ஆந்திரத்தில் உருவானது. தமிழகத்தின் ஒரு பகுதியினர் அதில் இணைந்தனர். ஆகஸ்ட் 6 அன்று, அப்போது வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில், பிடிபட்ட நக்சலைட்டுகளைக் காரில் அழைத்துச் சென்றபோது சிவலிங்கம் என்பவர் வெடிகுண்டை வெடிக்கச் செய்து தப்பினார். ஆய்வாளர் பழனிச்சாமியும் காவலர்கள் மூவரும் பலியானார்கள். எம்.ஜி.ஆர். அரசு, காவல்துறை அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் வடஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் வேட்டையை முடுக்கிவிட்டது. இறந்த ஆய்வாளரின் மகளான சிறுமி அஜந்தாவின் பெயரே அந்த நடவடிக்கைக்கு வைக்கப்பட்டது. தந்தையை இழந்த குழந்தையின் பெயரில் ஒரு வேட்டை நடந்தது என்பதிலிருந்தே அன்றைய காவல்துறையின் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம். ‘மோதல்’ என்று பதிவான சாவுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. செப்டம்பர் 12 அன்று பாலன் இறந்தார். பொதுக்கூட்டத்தில் பிடித்து அடித்தே கொன்றார்கள் என்பது இயக்கத்தின் குற்றச்சாட்டு. இன்றும் அந்த நாளில் நாயக்கன்கொட்டாயில் நினைவஞ்சலிக்குத் தோழர்கள் வருவதும், அவர்களைவிட அதிகமாகக் காவலர்கள் வந்து நிற்பதும் வழக்கம்.

அழிந்தது ஆயுதக் குழு மட்டுமல்ல. தேநீர்க் கடையில் குவளையை மாற்றிய வேலையும் அதோடு நின்றது. கூட்டம் போட ஆள் இல்லை. தோழர்களோடு ஒருமுறை பேசியவர் வீட்டுக்கும் போலீஸ் வந்தது. ரகசியக் குழுவின் தர்க்கம் அதைத்தான் கொண்டுவரும்: தலைமறைவானவர் ஊரில் வெளிப்படையாக நிற்க முடியாது, ஊருக்காக அவர் செய்த வேலையைத் தொடரவும் முடியாது. 2002 நவம்பரில் ஊத்தங்கரைப் பகுதியில் இளைஞர்களும் இளம்பெண்களும் அடங்கிய ஒரு குழு பிடிபட்டபோது (ஊத்தங்கரை அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்தது) ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார், மற்றவர்கள் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் சிறை வைக்கப்பட்டனர். பத்து ஆண்டு கழித்து, 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்பு மணத்தைக் காரணம் காட்டி நாயக்கன்கொட்டாயை ஒட்டிய நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய பட்டியல் சாதிக் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. எரிந்தவை 200-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒருகாலத்தில் சாதி கடந்து மக்கள் தோழர்களாகக் கூடிய மண் அது.

‘விடுதலை’ இரண்டாம் பாகம் சொல்ல முனைவது, சங்க வேலையிலிருந்து ஆயுதத்துக்குப் போன மாற்றத்தின் உள்பக்கத்தை. ஆசிரியரான பெருமாள், பண்ணையார் கொடுமையைக் கண்ட பிறகு கே.கே. (கிஷோர்) என்ற பொதுவுடைமைத் தலைவரிடம் சங்கம் கட்டக் கற்கிறார். ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டுகிறார். அந்தப் பாதை அடைபடும்போது ஆயுதத்துக்குப் போகிறார். இதில் படத்தின் பலவீனம் வெளிப்படையானது: பாத்திரங்கள் வாழ்வதைவிடப் பிரசங்கம் செய்வது அதிகம். ஒரு இளைஞன் முதல் குண்டைக் கையில் எடுக்கும் அந்தக் கணத்தின் நடுக்கம் வசனங்களுக்கடியில் புதைந்துவிடுகிறது. ஆனால் காவல்துறைப் பக்கத்தை, அதிலும் அடிமட்டக் காவலரை, படம் நன்றாகவே பார்க்கிறது. மலையாளத்தில் மதுபால் இயக்கிய ‘தலப்பாவு’ (2008) இதே இடத்தில் நின்ற படம். அதற்குக் கருவானது ஓர் உண்மைச் சம்பவம்: 1970-இல் வயநாட்டில் நக்சல் தலைவர் வர்கீஸைச் சுட்டவர் ஒரு சாதாரணக் காவலர். மேலதிகாரி கட்டளையிட்டதால் சுட்டேன் என்று அவர் 1998-இல் ஒப்புக்கொண்டார். அந்த வாக்குமூலத்தால்தான் 2010-இல் ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரி ஒருவர் தண்டிக்கப்பட்டார்.

முதல் பாகத்தின் இறுதியில், பெருமாள் இருக்கும் இடத்தைச் சொல்லவைக்க மலை ஊர்ப் பெண்கள் காவல் நிலையத்தில் நிர்வாணமாக்கப்பட்டு வதைக்கப்படுகிறார்கள். அதை நிறுத்தவே குமரேசன் பெருமாளைப் பிடிக்க ஓடுகிறான். தருமபுரிக்காரர் எவருக்கும் அந்தக் காட்சி வாச்சாத்தியை நினைவூட்டாமல் இராது. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். அந்த மக்கள் ஆயுதம் தேடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்க நீதிமன்றப் படியேறினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், ‘விடுதலை’ திரைக்கு வந்த அதே மார்ச் மாதத்தில் வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.