43 மணி நேரம், 77 டெராபைட்

2021 டிசம்பர் 14, மாலை 5.32. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் ஃபைல்கள் அழியத் தொடங்கின. 16ஆம் தேதி பகல் 12.43 வரை, ஏறத்தாழ 43 மணி நேரம் அழிந்துகொண்டே இருந்தன. போனவை சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள், 77 டெராபைட். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் தரவை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை.

வைரஸும் இல்லை, தீவிபத்தும் இல்லை. அழித்தது பேக்கப் எடுப்பதற்கென்றே எழுதப்பட்ட ஸ்கிரிப்ட். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

10 நாளைக்கு மேல் பழசான லாக் ஃபைல்களைக் கழித்துக்கட்டுவது அந்த ஸ்கிரிப்டின் வேலைகளில் ஒன்று. கம்ப்யூட்டரை வழங்கிய ஜப்பான் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் அதைத் திருத்தியது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று உள்ளே சில பெயர்களையும் மாற்றியது. பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன் மேல் போட்டுவிட்டார்கள். இந்த வகை ஸ்கிரிப்டை கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் படித்துவிடுவதில்லை. படிக்கப் படிக்கச் செய்துகொண்டே போகும். குறிப்பைப் பார்த்துச் சமைக்கிறவர் அடுத்த வரியைப் பார்ப்பதற்குள் யாரோ தாளை மாற்றிவைத்தது போல ஆயிற்று. எந்த இடத்தில் அழிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் பெயர் வெறுமையாக நின்றது. லாக் ஃபைல்களைத் தேட வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் சேமிப்பிடத்துக்குள் இறங்கியது. முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று நிறுவனம் எழுதிக்கொடுத்தது.

எனக்கு மனசு ஆறாதது அந்த 10 நாள் கணக்கில்தான். அண்மையில் தொட்ட ஃபைல்கள் தப்பின, பழையவை போயின. நேற்று எழுதியதை நினைவிலிருந்தாவது மறுபடி எழுதலாம். ஆனால் ஆய்வில் முதல் என்பது பழசுதான். சரிபார்த்து, இனித் தொட வேண்டாம் என்று பத்திரப்படுத்திய அளவீடுகளை எங்கே போய்த் தேடுவது?

பேக்கப் கைவிட்டது கியோட்டோவில் மட்டுமில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2016 அக்டோபரில் சேமிப்புக் கருவி பழுதாகி, பழுதுபார்க்கப் போன இடத்தில் மொத்தமும் படுத்துவிட்டது. பேக்கப் இருக்கிறதே என்று திரும்பினால் எல்லாம் அதில் இல்லை. டேப்பில் எடுக்கும் பேக்கப் எவ்வளவு முக்கியம் என்பதைத் தொழில்நுட்பக் குழு முழுதாக உணரவில்லை, நடைமுறைகளையும் முழுதாகப் பின்பற்றவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியை பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்தினார். நல்ல விதி. ஆனால் எடுத்துவைத்தது திரும்பி வருமா என்பதைத் திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நம் ஆய்வுக்கூடங்களில் பேக்கப் எடுத்தாயா என்று கேட்காத வழிகாட்டி இல்லை. திறந்து காட்டு என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை. அந்த வேலையை மாணவர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பழைய ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுப் பார்க்க ஆளும் நேரமும் ஒதுக்குவது பல்கலைக்கழகத்தின் கடமை.

எனக்குத் தெரிந்த ஒரு வேதியியல் ஆய்வு மாணவி அப்படி ஒருநாள் செய்து பார்த்தாள். ஹார்டு டிஸ்க் ஓடியது, ஃபைல் திறந்தது, எண்கள் அத்தனையும் இருந்தன. ஆனால் மூன்றாவது நெடுவரிசையில் இருந்தது நிமிடமா நொடியா என்று அவளுக்கே தெரியவில்லை. அதை எழுதிவைத்த நோட்டு பழைய ஹாஸ்டல் அறையோடு போயிருந்தது. அன்று மாலையே, ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் எந்தக் கருவி, எந்தத் தேதி, எந்த அலகு என்று நாலு வரி தட்டச்சு செய்து வைக்க ஆரம்பித்தாள்.