கொப்புளத் தோல்நோயுடைய குழந்தைகளுக்கு அறுவையும் மயக்கமருந்தும்

தோலடுக்குகளின் பிணைப்பு பிறவியிலேயே பழுதுற்றிருக்கும் மரபுநோய்த் தொகுதி எபிடெர்மோலைசிஸ் புல்லோசா எனப்படுகின்றது. இதன் கடுமையான வகைகளுள் ஒன்றான ஒடுங்குநிலை டிஸ்ட்ரோபிக் வகையில், புறத்தோலை அடித்தோலோடு பற்றவைக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் குறைந்தோ இல்லாமலோ போகின்றது. அறுவை அரங்கிற்கு மீண்டும் மீண்டும் வருவோர் பெரும்பாலும் இவ்வகைக் குழந்தைகளே. புண் ஆறித் தழும்பேறுவதால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கை முழுதும் உறையிட்டாற்போல் மூடிக்கொள்கின்றது, உணவுக்குழாய் சுருங்குகின்றது, பற்கள் சிதைகின்றன. விரல்களைப் பிரித்தாலும் அவை மீண்டும் ஒட்டுவது வழக்கம். எனவே, குழந்தை எழுதுகோலைப் பிடிக்க இயலுமா என்பதே அவ்வறுவையை முடிவுசெய்யும் கேள்வியாக அமைய வேண்டும்.

மயக்கவியலாளர் முதலில் உணர வேண்டியது, இத்தோல் நேரடி அழுத்தத்தை ஓரளவு தாங்கும். உராய்வையும் பக்கவாட்டு இழுப்பையும் தாங்காது என்பதாகும். ஒரு பிளாஸ்திரியை உரித்தெடுத்தால் அதனுடன் தோலும் உரிந்துவிடும். ஆதலால் இதய மின்னலை வரைவிக்கான மின்வாய்களின் பசைப்பகுதி நீக்கப்படுகின்றது. இரத்த அழுத்தப் பட்டைக்கு அடியில் பஞ்சுறை சுற்றப்படுகின்றது. சிரைவழி ஊசி சிலிகான் பட்டையாலோ துணிக்கட்டாலோ நிலைநிறுத்தப்படுகின்றது. குழந்தையை இழுத்து நகர்த்தலாகாது. இயன்றவரை விழித்திருக்கையிலேயே தானாக மேசையில் ஏறச் செய்தல் நன்று.

மூச்சுவழியில் ஒரு முரண் உண்டு. வாயும் தொண்டையும் செதிளடுக்குப் படலத்தால் ஆனவை, எளிதில் கொப்புளிக்கும். மூச்சுக்குழாயோ குறுயிழைத் தூண் படலத்தால் ஆனது; டிஸ்ட்ரோபிக் வகையில் பெரிதும் பாதிப்புறுவதில்லை. ஆகவே, நன்கு மசகிட்ட, சற்றே சிறிய குழாயைச் செருகுவது, முகமூடியை நெடுநேரம் அழுத்திப் பிடிப்பதைக் காட்டிலும் குறைந்த தீங்கு தரலாம். எனினும், ஜங்ஷனல் வகையில் குரல்வளையே புண்படக்கூடும் என்பதால் இவ்விதியை அங்குப் பொருத்தலாகாது. சுருங்கிய வாயும் அசையாத நாவும் குழாய் செருகலைக் கடினமாக்கும். அதற்கான முன்னேற்பாடு தேவை. குழாயைப் பிளாஸ்திரியால் ஒட்டாமல் மென்துணி நாடாவால் கட்டுவர். கண்களைப் பட்டையிட்டு மூடாமல் களிம்பிட்டுக் காப்பர்.

இவற்றுள் பலவற்றைத் தாயார் முன்பே அறிந்திருப்பார். எக்கட்டு ஒட்டும், எது ஒட்டாது என்பதில் நாள்தோறும் புண்கட்டும் அவரது சொல்லே நம்பத்தக்கது. விழித்தெழும்போது குழந்தை திமிறினால் அதுவே புதுக் காயமாகும் என்பதால், வலியடக்கம் முன்கூட்டியே அமைதல் வேண்டும். தாயாரும் அருகிருத்தல் வேண்டும். பின்னர் உடல் முழுதும் பார்த்து, புதிதாக எழுந்த கொப்புளங்களை நுண்ணுயிர் நீக்கிய ஊசியால் துளைத்து நீர் வடிப்பர். இல்லையேல் அவை பரவும்.