மூன்று இலட்சத்தில் ஓர் உயர்தரக் கணினி

2024 டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டில் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. இரண்டு வருடமாகச் சேமித்த காசில் கேம் விளையாடுவதற்கென்றே ஒரு நல்ல கணினி வாங்கப் போவதாக நாநா அறிவித்தார். "இந்தக் காசுக்கு ஓடுற நிலையில ஒரு பழைய ஓட்டோ வாங்கலாமே" என்றார் வாப்பா.

எனக்கும் ஒரு கணினி தேவைப்பட்டது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் பைதன் எழுதலாம். ஆனால் முப்பரிமாண உருவங்கள் வரையும் பிளென்டர் மென்பொருளைத் திறந்தால் அது அப்படியே உறைந்துவிடும்.

விவாதத்தை முடித்து வைத்தவர் உம்மா. "ரெண்டு பேரும் பாவிக்கிறதா இருந்தா என்ட சீட்டுக் காசையும் தாறேன்" என்றார். நாநாவின் 220,000 ரூபாவும் உம்மாவின் 80,000 ரூபாவும் சேர்ந்து மூன்று இலட்சமானது. வாப்பா ஒரேயொரு நிபந்தனை போட்டார். என்ன வாங்குகிறோம், ஏன் வாங்குகிறோம் என்பதை நான் ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அந்தத் தாளை எழுதும்போது நான் கற்றுக்கொண்டவையே இந்தக் கட்டுரை. கேம் விளையாடாத சகோதரிகளுக்கும், பிள்ளைகளுக்குக் கணினி வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் இதில் பயன் இருக்கும்.

உயர்தரம் என்றால் எது?

உயர்தரக் கணினி என்றால் கடையிலுள்ள ஆகக் கூடிய விலைக் கணினி என்றே நானும் நினைத்திருந்தேன். 2022 ஒக்டோபரில் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கிராபிக்ஸ் கார்ட்டின் அறிமுக விலை 1,599 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் அந்த ஒரு பாகத்துக்கே ஏறத்தாழ 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா வேண்டும். எங்கள் பை அத்துடன் மூடிவிடும்.

ஆகவே கேள்வியை மாற்றினோம். "எது ஆகச் சிறந்தது?" என்று கேட்காமல், "எங்கள் மேசையில் இருக்கப்போகும் திரையில் எந்தக் கேமும் தடங்கலின்றி ஓட எது போதும்?" என்று கேட்டோம். கணக்கு அந்தத் திரையிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் திரை

திரையில் தெரியும் படம் சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரண முழு எச்.டி. திரையில் 1920 x 1080, அதாவது 2,073,600 புள்ளிகள். 4கே திரையில் 3840 x 2160, அதாவது 8,294,400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் 4கே திரைக்கு ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 50 கோடி புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். முழு எச்.டி. திரைக்குப் பன்னிரண்டரைக் கோடி போதும்.

மேசையில் வைத்துப் பார்க்கும் 24 அங்குல மொனிட்டரில் முழு எச்.டி. போதுமான அளவு தெளிவாக இருக்கும். அதனால் 4கே ஆசையை விட்டுவிட்டு, செக்கனுக்கு 144 படங்கள் காட்டக்கூடிய முழு எச்.டி. மொனிட்டரைத் தெரிவு செய்தோம். 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கும். 144 ஹேர்ட்ஸ் திரையில் 6.9 மில்லிசெக்கன்தான். வேகமாக ஓடும் காரையும் பந்தையும் பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இப்படித் திரையை முடிவு செய்ததுமே தேவையான கிராபிக்ஸ் கார்ட்டின் அளவும் விலையும் கீழே இறங்கின.

கொத்துக் கடைக் கணக்கு

ஒரு கேம் ஓடும்போது வேலை இரண்டு பேருக்குப் பிரிகிறது. எந்தக் கார் எங்கே போகிறது, எது எதில் மோதுகிறது என்பதையெல்லாம் ப்ரொசசர் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்ட்.

கொத்து ரொட்டிக் கடையை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர் வேகமாக ரொட்டி தட்டினாலும் சுடுவதற்கு ஒரு தட்டுத்தான் இருந்தால் வரிசை நகராது. ஐந்து தட்டுகள் இருந்து மாவு பிசைய ஒருவர்தான் என்றாலும் அதே கதை. கணினியும் அப்படித்தான். அதில் ஆகப் பின்தங்கிய பாகம் எதுவோ அதன் வேகம்தான் முழுக் கணினியின் வேகம். ஒரு பாகத்துக்கு மட்டும் காசைக் கொட்டினால் மற்றது அதைப் பிடித்து இழுக்கும்.

பெரும்பாலான புதிய கேம்களில் கூடுதல் பாரம் கிராபிக்ஸ் கார்ட்டுக்கே. அதனால் மூன்று இலட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக அதற்கு ஒதுக்கி, 2023இல் வந்த 8 ஜிபி ஆர்.டி.எக்ஸ். 4060ஐத் தாளில் எழுதினேன். அதற்கு ஈடுகொடுக்க ஆறு கோர் கொண்ட ஏ.எம்.டி. ரைசன் 5 5600. இது 2022இல் வந்தது, அதற்குரிய ஏ.எம்.4 மதர்போர்ட்கள் அதைவிடப் பழையவை. புதிய ஏ.எம்.5 வகைக்கு மாறினால் மதர்போர்ட்டுக்கும் ரெம்முக்கும் கூடுதல் காசு போகும். நான்கைந்து வருடங்களில் ப்ரொசசரை மட்டும் மாற்ற வழியிருக்காது என்பது தெரிந்தே பழைய வகையை எடுத்தோம். மிஞ்சிய காசு கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் போனது.

ரெம் 16 ஜிபி. அதை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு துண்டுகள் இருந்தால் தரவுகள் இரண்டு பாதைகளில் போய் வரும். சேமிப்புக்கு எம்.2 வகை எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட அது பல மடங்கு வேகமானது.

பெயரிலுள்ள இலக்கங்கள்

தாளுடன் நாநாவும் நானும் கொழும்புக்குப் பஸ் ஏறினோம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடிக்கு மாடி கணினிக் கடைகள். அங்கே ஒரு கடையில் பல நிறங்களில் ஒளிரும் கணினி ஒன்றைக் காட்டி, "கேமிங் பிசி, ஐ7, நாலு ஜிபி கிராபிக்ஸ்" என்றார்கள். எங்கள் காசில் பாதியளவுதான் விலை. நாநாவின் கண்கள் அந்த விளக்குகளை விட்டு விலகவில்லை.

"எத்தனையாவது தலைமுறை ஐ7?" என்று நான் கேட்டேன். கடைக்காரர் நாநாவைப் பார்த்துப் பதில் சொன்னார். அடுத்த கேள்விக்கும் நாநாவைப் பார்த்தே சொன்னார். மூன்றாவது தடவை நாநா சிரித்துக்கொண்டு, "தங்கச்சிக்கிட்ட சொல்லுங்க, லிஸ்ட் போட்டது அவதான்" என்றார். அதற்குப் பிறகுதான் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

அது நான்காம் தலைமுறை ஐ7. 2013இல் வெளிவந்தது. அதிலிருந்த கிராபிக்ஸ் கார்ட் ஜி.டி. 730. அது 2014ஆம் ஆண்டுக்குரியது. 4 ஜிபி நினைவகம் இருந்தாலும் அதனால் புதிய கேம்களை வரைய முடியாது. பெரிய பானை இருந்தும் அடுப்பில் நெருப்பில்லாத நிலை அது.

இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கப் பெயரை வாசிக்கத் தெரிந்தால் போதும். இன்டெல் ஐ5 12400எப் என்பதில் 12 என்பது தலைமுறை. இறுதியிலுள்ள எப் என்றால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் கட்டாயம் வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4060 என்பதில் 40 தலைமுறை, 60 அதன் தரம். புதிய தலைமுறை ஐ5 ஒன்று பத்து வருடப் பழைய ஐ7ஐ இலகுவாக முந்தும். இது பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விடயம். மைக்ரோசொப்ட் விண்டோஸ் 11ஐ இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய ப்ரொசசர்களுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அனுமதிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்தது.

டொலரும் நாங்களும்

இணையத்தில் அமெரிக்கர் ஒருவர் "800 டொலரில் கேமிங் கணினி" என்று காட்டும்போது நாநா அதை 300ஆல் பெருக்கி மகிழ்ந்துவிடுவார். கணக்கு அங்கே முடிவதில்லை. ஆர்.டி.எக்ஸ். 4060இன் அறிமுக விலை 299 டொலர். 300 ரூபா வீதம் 89,700 ரூபா. 18 சதவீத வற் வரி சேர்ந்தால் 105,846 ரூபா. கப்பல் செலவும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் மே மாதமளவில் 360 ரூபா வரை போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நான்கைந்து மாதங்களில் 300 டொலர் பொருளொன்றின் விலை வரிக்கு முன்னரே 60,000இலிருந்து 108,000 ஆனது. எனவே வெளிநாட்டு விலைப் பட்டியலை நம்பித் திட்டமிடக் கூடாது. வாங்கும் கிழமையில் குறைந்தது மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும்.

யாரும் பார்க்காத பெட்டி

கூட்டிப் பார்த்தபோது காசு இடித்தது. விளக்குள்ள கேசிங் வேண்டுமானால் பவர் சப்ளையைப் பெயரில்லாத மலிவு வகைக்கு மாற்ற வேண்டும். "அது சும்மா கரண்ட் குடுக்கிற பெட்டிதானே" என்றார் நாநா.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. முந்திய வருடம் எங்கள் பெரியும்மாவின் மகனுடைய கணினியில் அப்படியொரு மலிவுப் பெட்டி எரிந்து மதர்போர்ட்டையும் கொண்டுபோனது. 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட்களாக மாற்றுவது பவர் சப்ளைதான். ஏனைய பாகங்கள் அனைத்தும் அதன் வாயிலிருந்தே உண்கின்றன. 4060க்கு 115 வொட், ப்ரொசசருக்குக் கூடினால் 80 வொட்டுக்குள், ஏனையவற்றுக்கு 50 வொட் என்றால் மொத்தம் 250 வொட்டைத் தாண்டாது. ஆகவே 550 வொட் போதும். 750க்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த 550 உண்மையான 550ஆக இருக்க வேண்டும். 80 பிளஸ் முத்திரையும் சில வருட உத்தரவாதமும் உள்ளதாகப் பார்த்தோம்.

நாநா பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் என்னோடு பேசவில்லை. கேசிங் கறுப்பு நிறத்தில் விளக்கில்லாமல் வந்தது. முன்பக்கம் கண்ணாடிக்குப் பதிலாக வலை. நம் நாட்டு வெக்கைக்குக் காற்று புகும் வலையே நல்லது.

கறுப்புத் திரை

மதர்போர்ட்டின் கையேட்டைப் பார்த்து வீட்டு மேசையில் நாங்களே பூட்டினோம். மூன்று மணித்தியாலம் சென்றது. ஸ்விட்சைப் போட்டதும் காற்றாடிகள் சுழன்றன, திரையோ கறுப்பாகவே இருந்தது. உம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கைகள் குளிர்ந்துவிட்டன. உம்மாவின் சீட்டுக் காசு என் கண்முன் வந்தது.

ரெம்மைக் கழற்றி மீண்டும் அழுத்தினோம். பலனில்லை. பின்புறம் பார்த்தபோதுதான் விளங்கியது. மொனிட்டர் வயரை நான் மதர்போர்ட்டில் சொருகியிருந்தேன். ரைசன் 5 5600க்குள் கிராபிக்ஸ் இல்லை. அந்தத் துளையிலிருந்து படம் வரவே வராது. வயரைக் கிராபிக்ஸ் கார்ட்டில் மாற்றியதும் படம் வந்தது.

இன்னும் இரண்டு வேலைகள் பலருக்குத் தெரியாமல் போகின்றன. ரெம் அதன் முழு வேகத்தில் ஓட பயோஸில் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்க வேண்டும். மொனிட்டரை விண்டோஸ் அமைப்புகளில் 144க்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய வேகம் பாவிக்கப்படாமலே கிடக்கும்.

தாளில் எழுதாத ஒன்று

என் தாளில் பெரிய தவறு ஒன்று இருந்தது. யூ.பி.எஸ். பிறகு வாங்கலாம் என்று எழுதியிருந்தேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் அமைச்சர். நான் காலையிலிருந்து பிளென்டரில் செய்த வேலை சேமிக்கப்படாமல் போனது. நல்லவேளை, கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாநா ஹெட்செட்டுக்கு வைத்திருந்த காசில் அடுத்த கிழமையே யூ.பி.எஸ். வாங்கி வந்தார். வாங்கும்போது வீ.ஏ. இலக்கத்தை நம்பாமல் வொட் எத்தனை என்று பாருங்கள். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

வாப்பாவின் கடைசிக் கேள்வி மின்கட்டணம் பற்றியது. கேம் ஓடும்போது மொனிட்டருடன் 300 வொட் என்று வைத்தால், நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு 0.9 அலகு, மாதத்துக்கு 27 அலகு. அலகுகள் கூடக் கூடக் கட்டண வீதமும் கூடும் என்பதால் வாரநாளில் நாநாவுக்கு இரவில் ஒரு மணித்தியாலம்தான். பின்னேரம் எனக்கு.

கடைக்குப் போகும் சகோதரிகள் ஐந்து விடயங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன திரை, எந்தத் தலைமுறை, ரெம் எத்தனை துண்டு, பவர் சப்ளையின் பெயர் என்ன, உத்தரவாதம் எத்தனை வருடம். பில்லில் தொடரிலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குக் கணினி வாங்கும்போது மகளிடமும் ஒரு சொல் கேளுங்கள்.

என் தாள் இப்போது வாப்பாவின் பைலில் வீட்டு உறுதிக்கும் தண்ணீர்ப் பில்லுக்கும் நடுவில் இருக்கிறது. கடைசி வரியில் யூ.பி.எஸ். என்று அவரே எழுதிச் சேர்த்திருக்கிறார்.