மலையை மறக்கும் கணக்கு
(தொடர் – 9)

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, கல்வராயன் மலை ஓடைகளின் மேல் போலீஸ் ட்ரோன்கள் சுற்றின. புதருக்குள் எங்கே சாராய ஊறல் பேரல் என்று தேடின. இந்த வாரம் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். கீழே நிற்கும் ரேடாருக்கு அந்த ட்ரோன் தெரியுமா?

2021 ஜூன் 27 அதிகாலை ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் குண்டு போட்டபோது நாடே கேட்ட கேள்விதான் இது.

சின்ன ட்ரோன் ரேடாருக்கு உள்ளங்கை அளவுதான், சுமார் 0.01 சதுர மீட்டர். 100 சதுர மீட்டராகத் தெரியும் பெரிய விமானத்தை 50 கிலோமீட்டரில் பிடிக்கும் ரேடார், இதை 5 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் பிடிக்கும். அதுகூட வெட்டவெளியில்.

நம் இடம் வெட்டவெளி அல்ல. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கரையில் ரேடாரை வைத்து மேற்கே திருப்புங்கள். முதலில் பதில் சொல்வது மலை. ட்ரோனுக்குப் பின்னாலுள்ள சரிவு அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சத்தமாகக் கத்தும். ஆகவே ட்ரோனைத் தேடுவதற்கு முன் மலையை மறக்க வேண்டும். அதற்கு, ரேடார் தூரத்தை எப்படி அளக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

2011-ல் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தின் கிரெகரி சார்வட் குழு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேடாரில் ஆன்டெனா என்பது இரண்டு காபி டின். எதிரொலி போய்ச் சேர்ந்தது லேப்டாப்பின் ஆடியோ துளைக்கு. அலையின் அதிர்வெண்ணைச் சைரன் குரல் போலக் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். எதிரொலி வந்து சேர்வதற்குள் குரல் இன்னும் மேலே போயிருக்கும். அந்த வித்தியாசம்தான் தூரம். 50 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால், 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

மலை நகராது. போன ஏற்றத்தில் வந்ததை இந்த ஏற்றத்தில் வந்ததிலிருந்து கழித்தால் மலை காணாமல் போகும். காற்றில் ஆடும் மூங்கில் கொஞ்சம் மிஞ்சும்; அதன் அசைவால் எதிரொலியின் அதிர்வெண் 5.8 கிகாஹெர்ட்ஸில் சில பத்து ஹெர்ட்ஸ் நகரும். நொடிக்கு 10 மீட்டரில் நம்மை நோக்கி வரும் ட்ரோன் ஏறக்குறைய 390 ஹெர்ட்ஸ் நகர்வு தரும். பிரித்துவிடலாம்.

ஆனால் காகமும் அதே வேகத்தில் பறக்கும். அதைவிட மோசம், ட்ரோன் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டால் மலையோடு சேர்த்து அதையும் கழித்துவிடுவோம். ஊறல் தேடும் ட்ரோன் பெரும்பாலும் நின்றுதானே பார்க்கும்!

ட்ரோனைக் காட்டிக்கொடுப்பது அதன் விசிறிதான். நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றும் ஒன்பது அங்குல விசிறியின் நுனி நொடிக்கு 65 மீட்டரைத் தாண்டும், அதன் எதிரொலி இருபுறமும் 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சிதறும். காகத்தின் சிறகடிப்போ நொடிக்கு நாலைந்து.

இங்கே ஒரு சிக்கல். ஓர் ஏற்றத்துக்கு ஒரு மில்லி நொடி எடுத்துக்கொண்டால் 500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நகர்வெல்லாம் மடங்கி, தப்பான இடத்தில் வந்து உட்காரும். 0.1 மில்லி நொடி ஆக்கினால் 5 கிலோஹெர்ட்ஸ் வரை சரியாகத் தெரியும். பழைய ரேடாரில் இதற்குச் சர்க்யூட்டையே மாற்ற வேண்டும். அலையை நிரலே உருவாக்கும் சாஃப்ட்வேர் ரேடாரில் ஒரு வரியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

அதற்கும் விலை உண்டு. 300 மீட்டரிலிருந்து வரும் எதிரொலியின் வித்தியாசம் 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஒரு மெகாஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். ஆடியோ துளை முன்னதையே வாங்காது, இதை எங்கே வாங்கும்! நொடிக்குச் சில மில்லியன் முறை அளக்கும் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியை அடுத்த வாரம் திறப்போம். காபி டின்னை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.