கூச்சலில் அமிழ்ந்த பாட்டு

1957 ஜூலை 6-ஆம் நாள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே, தூய பேதுருவின் பெயர் தாங்கிய ஆங்கிலிக்கன் ஆலயத்தில் விழா நடந்துகொண்டிருந்தது. அங்கே பாட வந்த பதினாறு வயது ஜான் லெனனும், வேடிக்கை பார்க்க வந்த பதினைந்து வயது பால் மெக்கார்ட்னியும் அறிமுகமாயினர். பால் கத்தோலிக்கத் தாயின் மகன். அத்தாயை முந்திய ஆண்டுதான் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். மறு ஆண்டு ஜானின் தாயும் கார் மோதி மாண்டார். பின்னர் ஜார்ஜ் ஹாரிசனும் ரிங்கோ ஸ்டாரும் சேர, ‘பீட்டில்ஸ்’ குழு உருவாயிற்று. இளம் பெண்களைப் பித்துக்கொள்ளச் செய்த நால்வருள் இருவர் தாயற்ற பிள்ளைகள் என்பதை முதலில் நினைவில் கொள்வது நலம்.

1963-ன் இறுதியில் இங்கிலாந்துச் செய்தித்தாள்கள் இப்பித்துக்கு ‘பீட்டில்மேனியா’ என்று பெயர் சூட்டின. 1964 பிப்ரவரி 9 அன்று, நியூயார்க்கில் எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தனர். அரங்கில் இருந்தவை 728 இருக்கைகளே. கேட்டு விண்ணப்பித்தவரோ 50,000 பேர்! அதற்குப் பதினோரு வாரங்களுக்கு முன்புதான் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துக்கத்தில் ஆழ்ந்த நாடு மகிழ்ச்சிக்கு ஏங்கியதால் விளைந்த வெறி இது என்பார் உளர். அது முழு விளக்கமாகாது. இங்கிலாந்தில் அத்துக்கத்திற்கு முன்பே ஆரவாரம் தொடங்கிவிட்டதன்றோ?

1965 ஆகஸ்ட் 15-ல் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். கூச்சலோ காதைப் பிளந்தது. காவலர்கள் செவிகளைப் பொத்திக்கொண்டனர். பாடியவர்களுக்கே தம் பாட்டுக் கேட்கவில்லை. முரசு முழக்கிய ரிங்கோ, முன்னே நின்ற மற்றவர்களின் உடலசைவைப் பார்த்தே பாட்டு எவ்விடத்தில் நிற்கிறது என்று ஊகித்துக்கொண்டாராம். தமக்கு மென்மையான மிட்டாய் பிடிக்கும் என்று ஜார்ஜ் சொல்லப்போக, ரசிகைகள் மேடைமீது மிட்டாய் மாரி பொழிந்தனர். அமெரிக்காவில் கிடைத்த மிட்டாயோ ஓடு போல் கடினமானது. அன்பின் பெயரால் விழுந்த கல்லடி என்றே சொல்லவேண்டும்.

இதைக் கண்ட பெற்றோர் பலர் ஒழுக்கக் கேடு என்று பதறினர். அவர்களது அச்சத்தை நாம் எள்ளி நகையாட வேண்டாம். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பாட்டுக் கேட்பதற்காயின் வீட்டில் இசைத்தட்டு இருக்கிறதே. ஒன்றும் கேளாத இடத்திற்குக் காசு கொடுத்து ஏன் சென்றனர்? வீட்டிலும் பள்ளியிலும் ‘அடங்கி இரு’ என்ற சொல்லையே கேட்டு வளர்ந்த சிறுமியருக்கு, தம் வயதொத்தவரோடு சேர்ந்து வாய்விட்டுக் கதறக் கிடைத்த இடம் அதுவாக இருந்தது.

அந்த ஏக்கத்தை மதித்தவர் ஒருவர் உண்டு. லிவர்பூலில் தட்டச்சராக இருந்த இளம்பெண் ஃப்ரீடா கெல்லி, ரசிகர் சங்கத்தின் செயலாளரானார். தம் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டதால் கடிதங்கள் மலையாய்க் குவிந்தன, தந்தையார் சலித்துக்கொண்டார். ஒரு சிறுமி தலையணை உறை ஒன்றை அனுப்பி, ரிங்கோ அதன்மீது உறங்கித் திருப்பி அனுப்பவேண்டும் என்று கேட்டாள். சிரித்துவிட்டு எறிந்திருக்கலாம். ஃப்ரீடாவோ ரிங்கோவின் தாயாரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, கேட்டபடியே செய்வித்தார். உதவிக்கு இருந்தவர்கள் வேறொருவர் தலைமுடியைப் பாடகரின் முடி என்று அனுப்பப் பார்த்தபோது, அவர்களை வேலையைவிட்டே நீக்கினார். பேதைச் சிறுமியின் அன்பாயினும், அதனை ஏமாற்றலாகாது என்பது அவர் கொள்கை.

இனி, நம் சமயத்தைத் தொட்ட செய்திக்கு வருவோம். 1966 மார்ச்சில் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், கிறிஸ்தவம் தேய்ந்து மறையும் என்றும், தாங்கள் இப்போது இயேசுவைவிடப் புகழ்பெற்றுவிட்டதாகவும் லெனன் கூறினார். இங்கிலாந்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. ஜூலை இறுதியில் அமெரிக்க இளைஞர் இதழ் ஒன்று அதை மறுபதிப்புச் செய்ததும் தென் மாநிலங்களில் நெருப்புப் பற்றியது. ஆம், மெய்யான நெருப்பே! வானொலி நிலையங்கள் தூண்ட, இசைத்தட்டுகளைத் தீயிலிட்டனர். எறிந்தவருள் பலர் அவற்றை ஆசையாய் வாங்கிய அதே சிறுவர் சிறுமியர். ஆகஸ்ட் 11-ல் சிகாகோவில் லெனன் விளக்கமளித்து வருத்தம் தெரிவித்தார். எட்டு நாள் கழித்து, மெம்ஃபிஸ் மேடையில் பட்டாசு ஒன்று வெடிக்க, தம்முள் யாரோ சுடப்பட்டார் என்று நால்வரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தனர்.

லெனனின் சொல் ஆணவச் சொல், ஐயமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஆலயத்தைவிட அரங்கிற்கு ஆவலோடு ஓடுகின்றனரே, ஏன் என்ற கேள்வியும் அதனுள் இருந்தது. தீ மூட்டியவர்கள் அக்கேள்விக்கு விடை தேடவில்லை. 2008 நவம்பரில் வத்திக்கான் நாளிதழான ‘லொசர்வத்தோரே ரொமானோ’, எதிர்பாராத வெற்றியில் திளைத்த உழைப்பாளர் குடும்பத்து இளைஞனின் வீம்புப் பேச்சு அது என்று எழுதி, பெருந்தன்மையோடு கடந்து சென்றது. லெனன் சுடப்பட்டு இறந்து அப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன.

1966 ஆகஸ்ட் 29-ல் சான் பிரான்சிஸ்கோவில் அவர்களின் கடைசிக் கட்டண நிகழ்ச்சி நடந்தது. 42,500 இருக்கைகளுள் ஏறத்தாழ 25,000-க்கே நுழைவுச்சீட்டு விற்றது. பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதியிலேயே பாடினர். 1970-ல் குழு பிரிந்தது. கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை; 1972-ல் சங்கம் மூடப்படும்வரை லிவர்பூலிலிருந்து ஃப்ரீடா பதில் எழுதிக்கொண்டிருந்தார்.