ரெண்டு பாஷை பேசினால் மூளை குழம்புமா? படிக்காதவர்களுக்கு 6 ஆண்டு லாபம்!

விருதுநகர் பஜாரில் ஒரே ஆள் ஒரே மூச்சில் 2 பாஷை பேசுவதைப் பார்க்கலாம். போனில் குண்டூர் மிளகாய் வியாபாரியுடன் தெலுங்கு. எதிரே நிற்கும் மூட்டை தூக்குபவரிடம் தமிழ்.

சிவகாசி பட்டாசு ஆபீசுகளில் தீபாவளி நெருங்கினால் இந்தி பறக்கும். டெல்லிக்காரரிடம் விலையை இந்தியில் சொல்லிவிட்டு, கணக்கை மனசுக்குள் தமிழில் போடுவார்கள்!

இது புதுசு அல்ல. 1920-களில் அய்ய நாடாரும், சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கப் போனது கல்கத்தாவுக்கு. பாஷை தெரியாத ஊரில் தங்கித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள்.

கரிசல் காட்டு ஊர்களில் எத்தனையோ வீடுகளில், நடைக்கு உள்ளே தெலுங்கு, தெருவில் இறங்கினால் தமிழ். ராஜபாளையம் ராஜுக்கள் வீட்டிலும் அதே கதை. பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காத பாட்டி, பேரனைத் தெலுங்கில் திட்டிவிட்டு, மோர்க்காரம்மாவிடம் தமிழில் பேரம் பேசுவார்.

வீட்டில் பயம்

இப்போது சில வீடுகளில் அந்தப் பேச்சை நிறுத்துகிறார்கள். "வீட்டுல ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒண்ணுன்னா பிள்ளைக்கு எதுவும் மனசுல நிக்காது" என்பது பயம்.

அது உண்மையா? பதில் ஐதராபாத்தில் இருந்து வந்தது.

அங்குள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் நரம்பியல் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடன் இருந்தவர்களும், மறதி நோய் வந்த 648 பேரின் விவரங்களை அலசினார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி அல்ல இது. பெற்ற மகனையே "நீ யாருப்பா?" என்று கேட்க வைக்கிற டிமென்ஷியா.

648 பேரில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட பாஷை பேசுகிறவர்கள். ஒரே பாஷைக்காரர்களை விட இவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது! 2013-ம் ஆண்டு நவம்பரில் இது வெளியானது.

கனடாவில் 2007-லேயே இப்படி ஒரு முடிவு வந்தது. அங்கே ரெண்டு பாஷைக்காரர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து குடியேறியவர்கள். "பாஷையாலா, குடியேறியதாலா?" என்று சந்தேகம் கிளம்பியது. "படிப்பினால் வந்த லாபம்" என்றும் சிலர் சொன்னார்கள்.

ஐதராபாத்தில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. தெலுங்கும் உருதுவும் அங்கே தெருப் பேச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, வித்தியாசம் 6 ஆண்டாக இருந்தது. அதாவது நம்ம மோர் வாங்கும் பாட்டிக்கும் இதில் பங்கு உண்டு!

அதற்காக அஞ்சாறு பாஷை தேடி ஓட வேண்டாம். ரெண்டுக்கு மேல் போனால் கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை.

பக்கவாதம் வந்த 608 பேரையும் இதே ஊரில் பார்த்தார்கள். பிறகும் புத்தி தெளிவாக இருந்தவர்கள், ரெண்டு பாஷைக்காரர்களில் 100-க்கு 40 பேர். ஒரே பாஷைக்காரர்களில் 20 பேர்தான்.

ஓயாத வேலை

காரணம் என்ன? ரெண்டு பாஷை தெரிந்தவர் வாயைத் திறந்ததும் மூளையில் ரெண்டுமே விழித்துக்கொள்கிறது. ஒன்றை அடக்கி மற்றதைப் பேச வேண்டும். ஆள் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். நாள் முழுக்க நடக்கும் இந்தப் பயிற்சிதான் மூளைக்குத் தெம்பு என்கிறார்கள்.

இடைஞ்சலும் உண்டு. சில சமயம் சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும். பிள்ளை ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் அது மந்த புத்தி அல்ல. ரெண்டு பெட்டியில் தேடுகிறான், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ரெண்டு பாஷை பேசுபவருக்குக் கவனமும் கூர்மை என்ற பேச்சு ஆட்டம் கண்டிருக்கிறது. 2020-ம் ஆண்டு 11 ஆயிரம் பேரிடம் நடந்த சோதனையில் அப்படி எந்த லாபமும் தெரியவில்லை.

பட்டாசு ஊருக்கு இது முக்கியம். மருந்து கலக்கும் அறையில் ஓர் உரசல் போதும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ந்தேதி 35-க்கும் மேற்பட்டோர் பலியானதை யார் மறப்பார்கள்? பாஷை தெரிந்தவன் கவனமாக இருப்பான் என்று அங்கே யாரும் நம்பி இருக்க முடியாது. வெளிமாநிலத்து ஆள் வேலைக்கு நின்றால் "உரசாதே, இழுக்காதே" என்பதை அவர் பாஷையில்தான் சொல்ல வேண்டும்.

பாட்டியின் பேச்சு

நோய் வரவே வராது என்று டாக்டர்கள் சொல்லவில்லை. தள்ளிப் போகிறது, அவ்வளவுதான்.

வந்துவிட்டால் சிலருக்குப் பின்னால் படித்த பாஷை முதலில் நழுவும். தாய் வயிற்றோடு வந்த பேச்சு மட்டும் மிஞ்சும். 50 வருஷம் கடைவீதியில் தமிழ் பேசிய பாட்டி, ஒருநாள் தெலுங்கில் மட்டும் தண்ணீர் கேட்பார்.

"குழம்பிப் போவான்" என்று தெலுங்கு சொல்லித் தராமல் வளர்த்த பேரன் பக்கத்தில் இருப்பான். பாட்டி என்ன கேட்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது.