பிழைக்கு யார் பொறுப்பு?

1990-ல் டெக்னோபார்க் உருவான திருவனந்தபுரத்தில் பல ஆயிரம் பேருக்கு மென்பொருள்தான் பிழைப்பு. பிழையுள்ள மென்பொருள் வெளியே போய்விட்டால், வாங்கியவரிடம் யார் பேசுவது? எழுதிய இளைஞரா, தலைவரா?

கம்ப்யூட்டர் வியூக விளையாட்டான 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4'-க்கு 2021 ஏப்ரலில் ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 'லெவியாதன்' என்ற விரிவாக்கத்தை வெளியிட்டது. எங்கும் பிழைகள். காசு கொடுத்த ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். தயாரிப்புக்குத் தலைமை வகித்த யோஹான் ஆண்டர்சன் பொறுப்பு தன்னுடையதே என்று மன்னிப்புக் கேட்டார். திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன.

திருவனந்தபுரத்துக்கு இது பழைய பாடம். இங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் நிருபர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். தன் குழு மீது நம்பிக்கை இருப்பதாகவும் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று அதே ரக ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று நிருபர்களிடம் பேசும்படி தவன் அனுப்பியது கலாமை.

பிழை யாருக்கும் நேரும். அதைச் சொல்ல யார் வருகிறார் என்பதைத்தான் ஜனங்கள் மறப்பதில்லை.